தகட்டுக்குக் கீழே என் சகலை

டேனரி ரோட்டில், கோழிக்கடைக்கும் பேட்டரிக் கடைக்கும் நடுவே
எங்கள் ஷெட்.
அதை அடைத்துக்கொண்டு நிற்கிறது
ராணுவம் ஏலம் விட்ட பழைய நிஸ்ஸான் ஒன்-டன்.
மடிக்கேரியிலிருந்து மாச்சய்யா தானே ஓட்டிவந்து விட்டுப்போனார்.
"என்ஜினைத் தொடாதீங்க, அது என்னைவிட நல்லாயிருக்கு.
பின்தொட்டி மட்டும்."

பின்தொட்டி என்று ஒன்று இருந்தால்தானே.
காப்பி மூட்டை, சாணம், முப்பது மழைக்காலம்.
தரைத்தகட்டின் பதினோரு வரிகளில்
ஏழு வரி அப்பளம்.
விரலால் தட்டிப் பார்த்தேன்,
விரல் அந்தப் பக்கம் போய்விட்டது.

அன்று காலையிலிருந்துதான்
சகலை எபநேசர் என்னோடு பேசுவதில்லை.
சீட்டெடுத்த பணம், நாற்பதாயிரம்.
கம்ப்ரஸருக்கா, அவன் மகள் ஃபீஸுக்கா என்று தொடங்கி
யார் கல்யாணத்துக்கு மாமனார் எத்தனை பவுன் போட்டார் என்பதில் முடிந்தது.
முடிந்ததா? அங்கேயே நிற்கிறது.

பாதி வேலையைப் பேசாமல் செய்துவிடலாம்.
துருவை வெட்டலாம். ஓரத்தை அரைக்கலாம்.
பதினாறு கேஜ் தகடு வாங்க
ஆளுக்கொரு நேரம் சிட்டி மார்க்கெட் போய்
ஆளுக்கொரு தகடு ஆட்டோவில் ஏற்றி வரலாம்.
வந்தோம்.

வெல்டிங்கை ஒரு மூலையில் தொடங்கி
நேரே இழுத்துக்கொண்டு போனால் தகடு முறுக்கிக்கொள்ளும்.
இங்கே ஒரு பொட்டு. முழம் தள்ளி அங்கே ஒரு பொட்டு.
ஆறவிட்டு நடுவில் ஒன்று.
நான் இந்தப் பக்கம் வைத்தால் அவன் அந்தப் பக்கம் வைத்தான்.
முகமூடிக்குள் இரண்டு பேருக்கும் ஒரே இருட்டு.

மேடு பள்ளம் எடுக்கத்தான் இரண்டு ஆள் வேண்டும்.
அவன் வண்டிக்கடியில் மல்லாந்து
டாலிக் கட்டையால் முட்டுக் கொடுக்க,
மேலே என் சுத்தியல்.
அவனை நான் பார்க்க முடியாது, என்னை அவனும்.
கட்டை இருக்கிற இடத்தில் விழுந்தால் டிங்.
இல்லாத இடத்தில் தொப்.

முதல் நாள் முழுக்கத் தொப்.
மறுநாள் கீழிருந்து இரண்டு தட்டு வந்தது:
இங்கே இருக்கிறேன்.
அங்கே அடித்தேன். டிங்.
ஒரு தட்டு, போதும்.
மூன்று, நகர்கிறேன்.
யாரும் உட்கார்ந்து வகுக்கவில்லை.
பத்தாம் நாளுக்குள் அந்தப் பாஷையில் ஏசவும் பழகிவிட்டோம்.
(வேகமாக நான்கு தட்டு. பொருள் தெரியும், சொல்லமாட்டேன்.)

ஒரே ஓர் இடம் அடங்கவில்லை.
உள்ளங்கையால் அழுத்தினால் டபக்கென்று உள்ளே,
எடுத்தால் டபக்கென்று வெளியே.
அடிபட்டு நீண்டுபோன தகடு;
மேலும் அடித்தால் மேலும் நீளும்.
எட்டணாக் காசு அகலத்துக்குச் சிவக்கச் சுட்டு
ஈரத்துணி ஒற்றினால் சுருங்கும்.
நான் சுட்டேன். வாளியும் துணியும் அவனிடம்.
கேட்கவில்லை.
தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கையை மட்டும் தொங்கவிட்டேன்.
நனைந்த துணி வந்து அதில் உட்கார்ந்தது.

பத்தொன்பதாம் நாள்.
ரெட் ஆக்ஸைடு காய்ந்துவிட்டது.
பச்சை அடிப்பதற்கு முன், தண்ணீர் தேங்குகிறதா என்று
ஒரு வாளி ஊற்றிப் பார்க்க வேண்டும்.
கீழே மூன்று தட்டு கேட்டது.
நகர்ந்துவிட்டான் என்று கவிழ்த்தேன்.
வரிகளின் பள்ளத்தில் எங்கும் நிற்காமல் ஓடியது நீர்,
நேராக வடிகால் துளைக்கு,
துளையிலிருந்து நேராக
எபநேசர் வாய்க்குள்.

நகரத்தான் செய்திருக்கிறான்.
துளைக்கு அடியில்.

ஊர்ந்து வெளியே வந்து ஒரு வார்த்தை சொன்னான்.
கோழிக்கடையில் கத்தி ஒரு நொடி நின்றது.
பிறகு முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்,
நான்கு மூலையும்.
"சொட்டுகூட நிக்கல."

நாற்பதாயிரம் அப்படியேதான் இருக்கிறது.
கூடுதலாக வந்த இன்னொரு தகடும்
சுவரில் சாய்ந்து நிற்கிறது,
யார் கணக்கு என்று எழுதாமல்.